மிச்சம்

ஊரின் பெயரே மிச்சம்.
லண்டனின் தெற்கு ஓரம்.
கடிதத்துக்கும் நினைவூட்டலுக்கும் பதில் போடாத
மிச்ச வீடுகளுக்கு
கவுன்சில் என்னை அனுப்பியிருக்கிறது,
கதவுக்கு இவ்வளவு என்று பேசி.
கழுத்தில் அட்டை. அக்டோபர் மழை.
மாணவ விசாவுக்கு வாரம் இருபது மணி நேரம்தான்,
அதில் பாதி
பெல் வேலை செய்யாத வாசல்களில் கரைகிறது.

பதினாறாம் எண்.
ஒரு கண் அளவுக்குக் கதவு திறந்தது.
கவுன்சில் என்றேன் ஆங்கிலத்தில்.
உள்ளே யாரோ "ஆரது, பாருங்கோ" என்றதும்
தமிழுக்கு மாறினேன்.
கதவு இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது.

"பேர் எதுக்கு?"
வாக்காளர் பட்டியலுக்கு.
"இடாப்போ?"
எனக்கு அந்தச் சொல் புதிது.
"எங்கட வீட்டு இடாப்பு ஒருக்கா
ஆமிக்காரன்ர கையில இருந்தது.
ஆறு பேர் எண்டு எழுதிக் கிடந்தது.
எண்ணிப் பாத்தான்.
அஞ்சு பேர்தான் நிண்டம்."
அவ்வளவுதான் சொன்னார்.
நானும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

விற்கக்கூடிய பட்டியல் ஒன்று, விற்கக்கூடாதது ஒன்று,
முதலாவதில் வேண்டாமென்றால்
ஒரு டிக் போடலாம் என்றேன்.
பெயர் எழுதுமுன்
அந்த டிக்கைப் போட்டார்.

முதல் கட்டம்: சவரிமுத்து கிருபைராஜா.
இரண்டாவது, வயது. சிரித்தார்.
மூன்றாவது, எந்த நாட்டுப் பிரஜை.

பேனா நின்றது.
"குரொய்டனில ஒரு அறைக்குள்ள
அஞ்சு மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேட்டவங்கள்,
ஏன் அந்த நாட்டில இருக்கேலாது எண்டு.
முதுகையும் காட்டினனான்.
இப்ப அந்த நாட்டின்ர பேரை எழுதினாத்தான்
வோட்டோ?"

ஆமாம்.
பழைய சாம்ராஜ்யத்தின் வாடகைப் பாக்கி மாதிரி ஒரு விதி:
காமன்வெல்த் பிரஜை,
தங்க அனுமதி உண்டு என்றால்
பாராளுமன்றத்துக்கே ஓட்டு.

சுகந்தினி சமையலறையிலிருந்து வந்தாள்,
கையெல்லாம் மாவு.
லா கூர்நெவ்வில் பதினெட்டு வருடம்.
புரட்சி எந்த ஆண்டு என்று கேட்டு,
கீதத்தை நின்று பாடச் சொல்லி,
அரக்குச் சிவப்பில் கடவுச்சீட்டு கொடுத்தார்களாம்.
"பிரெஞ்சை எடுத்த அண்டைக்கு
இலங்கை போட்டுது.
போகட்டும் எண்டு கேக் வெட்டினம்.
எனக்கு எந்தக் கட்டம்?"

உங்களுக்கு இல்லை, அக்கா.
கலியாணம் கட்டி நீங்கள் இங்கே வருவதற்குள்
ஐரோப்பாவுக்கும் இந்தத் தீவுக்கும்
பேச்சு முறிந்துவிட்டது.
"கவுன்சில் எலக்சனுக்கு?"
அதற்கும் இல்லை.
"கவுன்சில் வரி?"
அது உண்டு.

அவள் சிரித்த சிரிப்பில்
அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

"தங்கச்சி எந்த ஊர்?"
தூத்துக்குடி. வந்து எட்டு மாதம்.
"வோட்டு இருக்கோ?"
ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், இருக்கு.
ஊரில் என் பெயரை எடுத்துவிட்டார்களாம்,
சரிபார்க்க வந்த அன்று வீடு பூட்டியிருந்ததாம்.
இங்கே சேர ஐந்து நிமிடம் ஆனது,
அதில் மூன்று நிமிடம் என் இனிஷியலை விளக்க.
இதை அவளிடம் சொல்லவில்லை.

கிருபைராஜா எழுதினார்.
முதலில் லங்கா.
பிறகு கட்டத்தின் இடது ஓரத்தில்
இருந்த கொஞ்ச இடத்துக்குள்
ஸ்ரீயை நெருக்கி நுழைத்தார்.
காப்பீட்டு எண்ணைக் கடிதமாய் வந்து கேட்பார்கள் என்றேன்.
அது பாடம் என்றார்,
பதினொரு வருட இரவு வேலை.

"இவருக்குப் பதிலா நான் சொல்லுறன்,
இவர் போடட்டும்" என்று
படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள் சுகந்தினி.
கையெழுத்துக்குக் கீழே வெள்ளையாய் ஒரு விரல்.
துடைக்கப் போனவளை
விடுங்கள் என்றேன், நனைந்தால் பசையாகிவிடும்.

பதினெட்டாம் எண்ணில்
பெல் நன்றாக வேலை செய்தது.
யாரும் இல்லை.